12 நாளில் இரண்டு முழங்கால்களா? சென்னைக்குப் புறப்படும் முன்

கேள்வி: நாங்கள் பேராக், சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 67. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, கால்கள் வில்போல் வளைந்துவிட்டன. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது; இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை எடுக்கிறார். போன மாதம் கிளினிக்கில் வலது முழங்காலில் ஊசி போட்டோம். வலி அதிகமானால் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மருந்து உருண்டையைச் சாப்பிடுவார். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு காலுக்கு 32,000 ரிங்கிட் ஆகும் என்றார்கள். ஏற்பாட்டாளர் ஒருவரோ, சென்னையில் இரண்டு கால்களுக்கும் சேர்த்து 29,000 ரிங்கிட், 12 நாளில் திரும்பிவிடலாம், கடைசி இரண்டு நாள் கோயில் தரிசனமும் உண்டு என்கிறார். சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி பணம் தரத் தயாராக இருக்கிறான். அரசாங்க மருத்துவமனையில் நீண்ட நாள் காத்திருக்க வேண்டும் என்பதால் அம்மாவும் போய்விடலாம் என்கிறார். போகலாமா, டாக்டர்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவைச் சென்னைக்கு அழைத்துச் செல்வதில் தவறில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டாளர் சொல்கிறபடி 12 நாளில் இரண்டு கால்களையும் முடித்துக்கொண்டு திரும்புவதாக இருந்தால் போக வேண்டாம். எங்கே செய்வதானாலும் அடுத்த இரண்டு மாதங்களுக்குள் செய்யக் கூடாது. அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

சென்னையைப் பற்றி எனக்கு எந்தக் குறைவான எண்ணமும் இல்லை. மூட்டு மாற்று அறுவையில் நீண்ட அனுபவமுள்ள நிபுணர்கள் அங்கே பலர் இருக்கிறார்கள். தமிழைத் தவிர வேறு மொழி சரளமாக வராத ஒரு தாய்க்கு, தாதி சொல்வதும் பிசியோதெரபிஸ்ட் சொல்வதும் தன் மொழியிலேயே காதில் விழுவது சிறிய நன்மையன்று. வைத்தியத்துக்காகக் கடல் கடப்பதும் நமக்குப் புதிதில்லை. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பினாங்கு மருத்துவமனைகளுக்கு வந்து போகின்றன. ஆகவே ஊரைப் பற்றிய தயக்கம் எனக்கில்லை. என் கவலையெல்லாம் அறுவைக்கு முந்திய இரண்டு மாதங்களையும் பிந்திய மூன்று மாதங்களையும் பற்றியது. அறுவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏற்பாட்டாளர் விலை சொல்லியிருப்பது அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கும் அதை ஒட்டிய சில நாட்களுக்கும்தான்.

முதலில் ஊசி. கிளினிக்கில் முழங்காலுக்குள் போட்டது பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். கிளினிக்கில் கேட்டு, மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழங்காலுக்குள் ஸ்டீராய்டு போட்ட மூன்று மாதங்களுக்குள் அதே மூட்டை மாற்றினால் கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், அந்த இடைவெளி கழியும்வரை நிபுணர்கள் பொதுவாக அறுவையைத் தள்ளிவைப்பார்கள். ஊசி போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. இந்தச் செய்தி சென்னை நிபுணருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.

அடுத்தது அந்த உருண்டை. சந்தையில் பெயரில்லாத பொட்டலத்தில் விற்கப்படும் கால்வலி மருந்துகளிலும், நாட்டு மருந்து என்று விற்கப்படும் சில மாத்திரைகளிலும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்டதும் வலி விரைவில் பறந்துவிடுவதும் பசி எடுப்பதும் அதனால்தான். அது சர்க்கரையை ஏற்றும், தோலை மெலிதாக்கும், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். நெடுநாள் சாப்பிட்டால் உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டையும் குறைத்துவிடும். அப்படிப்பட்டவருக்கு அறுவையின்போது இரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கக் கூடும். அம்மாவின் முகம் உப்பியிருக்கிறதா, லேசாக இடித்தாலே கையில் நீலம் பாரிக்கிறதா என்று பாருங்கள். நாள்தோறும் சாப்பிட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தாமல், பொட்டலத்தோடு டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்; காலை நேரத்தில் எடுக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை நிலைமையைக் காட்டும். நம் நாட்டில் முறையாகப் பதிவுபெற்ற மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளும் இருக்கும். அவை இல்லாத எதையும் இனி வீட்டுக்குள் விடாதீர்கள்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது 8 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் பெரும்பாலான நிபுணர்கள் அறுவையை ஒத்திவைப்பார்கள், 7.5க்குள் கொண்டுவந்துவிட்டால் எனக்கு நிம்மதி. இந்த இரண்டு மாதங்களை அதற்குப் பயன்படுத்துங்கள். சொத்தைப் பல், கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், சிறுநீரில் எரிச்சல் ஆகியவற்றையும் இப்போதே கவனித்துவிட வேண்டும், ஏனென்றால் உடலில் எங்கிருக்கும் கிருமியும் இரத்தத்தின் வழியே புதிய மூட்டில் போய்த் தங்கக் கூடும்.

இனி, இரண்டு கால்களையும் ஒரே மயக்கத்தில் மாற்றும் யோசனைக்கு வருகிறேன். இதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். இரு கால்களும் மிக மோசமாக வளைந்திருந்தால் ஒரே தடவையில் செய்வதை விரும்பும் நிபுணர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது இதயமும் நுரையீரலும் நன்றாக இருப்பவர்களுக்கான ஏற்பாடு. இரண்டையும் ஒன்றாகச் செய்யும்போது இரத்த இழப்பு கூடுகிறது, இதயத்தின் மீதான சுமை கூடுகிறது, இரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. ஊன்றி நிற்க ஒரு நல்ல காலும் மிஞ்சுவதில்லை. 67 வயதில், பல ஆண்டுச் சர்க்கரையோடும் இரத்த அழுத்தத்தோடும் இருக்கும் ஒருவருக்கு, ஈசிஜியும் இதய எக்கோவும் பார்க்காமல், தொலைபேசியிலேயே ‘இரண்டும் செய்துவிடலாம்’ என்று யாரும் சொல்லியிருக்கக் கூடாது. இங்கே இரண்டு கால்களையும் சேர்க்கச் சொன்னது அம்மாவின் உடல்நிலையா, விமானச் செலவா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதிகம் வலிக்கும் காலை முதலில் மாற்றி, ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து அடுத்ததைப் பார்ப்பதே அம்மாவுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் சென்னைக்கு இரண்டு பயணம், இரண்டு தங்கல், உடன் செல்பவருக்கு இரண்டு முறை விடுப்பு. 29,000 என்ற தொகை அப்போது நிற்காது.

அந்த 12 நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். போய்ச் சேர்ந்து பரிசோதனைகள் முடிய இரண்டு நாளாவது ஆகும். அறுவைக்குப் பின் மூன்று முதல் ஐந்து நாள் மருத்துவமனை. தையலோ கிளிப்போ பிரிப்பது பொதுவாக 10 முதல் 14ஆம் நாளில். ஆக, தையல் பிரிக்கும் முன்பே, வீக்கம் வடியாத இரண்டு கால்களோடு, கோயில் படிகளைப் பார்த்துவிட்டு அம்மா விமானம் ஏற வேண்டியிருக்கும். நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார்ந்து பயணம் செய்தால் இரத்தக்கட்டி அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது; விமானம் மட்டுமில்லாமல் கார், பஸ், ரயில் பயணங்களும் அதில் அடங்கும். அது சாதாரண மக்களுக்கான கணக்கு. முழங்கால் மாற்றிய ஒருவருக்கு அந்த அபாயம் முதல் சில வாரங்களில் ஏற்கெனவே மிக அதிகமாக இருக்கும், மூன்று மாதம்வரை முழுதாக அடங்காது. சென்னையிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து சுங்கை சிப்புட்டுக்குக் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். கெண்டைக்காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. குறைந்தது ஆறு வாரம் அங்கே தங்க முடிந்தால் மட்டுமே போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அதற்கு முன் திரும்பியே ஆக வேண்டியிருந்தால், அறுவை செய்த நிபுணர் பயணத்துக்கு எழுத்தில் ஒப்புதல் தந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்றும் எழுதித் தர வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது கிருமித் தொற்று. நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வருகிறது. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் அது தலைகாட்டும். தோட்டப்புறத்திலிருந்து ஓர் அம்மையார் இப்படி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் மூட்டு மாற்றி வந்த ஐந்தாவது வாரத்தில், தழும்பின் கீழ்முனையில் குண்டூசி முனையளவு ஒரு துளை. அதிலிருந்து கசிந்த நீர் கைலியில் மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. காய்ச்சல் இல்லை, வலியும் அதிகமில்லை. பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், கசிவு நின்றது, மாத்திரை முடிந்ததும் மறுபடி கசிந்தது, மறுபடி மாத்திரை. இப்படியே வாரங்கள் ஓடிவிட்டன. புதிய மூட்டில் தொற்று தொடங்கிய முதல் சில நாட்களிலேயே பிடித்துவிட்டால், திறந்து கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் தகட்டை மட்டும் மாற்றி, மூட்டைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. நாளாக ஆகக் கிருமிகள் உலோகத்தின் மேல் ஒரு படலமாகப் படிந்துவிடும். அந்தப் படலத்தை மாத்திரையால் கரைக்க முடியாது. அந்த அம்மையாருக்கு மூட்டையே கழற்றி, மருந்து கலந்த சிமெண்டை இட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, வேறொரு மூட்டைப் பொருத்த வேண்டியதாயிற்று.

அவர் கொண்டுவந்த கோப்பில் இன்னொரு குறையும் இருந்தது. ‘முழங்கால் மாற்று அறுவை செய்யப்பட்டது’ என்று ஒரே ஒரு பக்கம். எந்த நிறுவனத்தின் மூட்டு, என்ன அளவு என்று எதுவுமே இல்லை. ஒரு நிறுவனத்தின் தகடு இன்னொன்றின் உலோகத்தில் பொருந்தாது. ஒவ்வொரு மூட்டுப் பாகமும் வரும் பெட்டிக்குள் சிறிய ஒட்டுத்தாள்கள் இருக்கும். நிறுவனத்தின் பெயர், பொருள் எண், தயாரிப்புத் தொகுதி எண், அளவு, இடதா வலதா என்பதெல்லாம் அவற்றில் அச்சாகியிருக்கும். அறுவை அரங்கில் அவற்றை உரித்துக் கோப்பில் ஒட்டுவார்கள். தொடை எலும்புக்கு ஒன்று, கீழ்க்கால் எலும்புக்கு ஒன்று, நடுத்தகட்டுக்கு ஒன்று, சில வேளை முழங்கால் சில்லுக்கும் ஒன்று. அந்தப் பக்கத்தின் நகல் கைக்கு வராமல் மருத்துவமனையை விட்டு வெளியேறாதீர்கள். அறுவைக் குறிப்பு, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, கொடுத்த மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

இதிலிருந்து உங்களுக்குத் தேவையான முக்கியமான ஏற்பாடு ஒன்று தெரிகிறது. புறப்படும் முன்பே ஈப்போவிலோ தைப்பிங்கிலோ ஓர் எலும்பு முறிவு, மூட்டு நிபுணரைப் பார்த்து, ‘திரும்பி வந்ததும் தொடர்ந்து பார்ப்பீர்களா?’ என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வேறொருவர் செய்த மூட்டைக் கையில் எடுக்கச் சிலர் தயங்குவார்கள். அறுவை முடிந்து, காயம் கசியும்போது ஆள் தேடுவது மிகவும் கடினம். திரும்பிய பின் காயத்தில் கசிவோ, குறையாமல் கூடும் வலியோ, சிவப்போ தெரிந்தால் கிளினிக் மாத்திரையைத் தொடாமல் அவரிடமே நேராகப் போங்கள், ஏனென்றால் மூட்டிலிருந்து நீர் எடுத்துக் கிருமியைக் கண்டறியும் முன் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். அயல்நாட்டு மருத்துவமனையில் தங்கியிருந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உடலில் ஒட்டியிருக்கின்றனவா என்று பரிசோதிக்க அது உதவும்.

பயிற்சியைப் பற்றி வழக்கமாக எல்லாரும் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: முதல் ஆறு வாரங்களில் காலை முழுமையாக நீட்டவும் 90 பாகைக்கு மேல் மடக்கவும் வராவிட்டால், பிறகு அது வருவது மிகவும் கடினம். மூன்று மாதத்துக்குள் என்றால் மயக்கம் கொடுத்து மடக்கிவிட வழி உண்டு; அதன் பின் அதுவும் சரியாகப் பலிப்பதில்லை. ஆகவே பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு முறை யார் காரில் அழைத்துப் போவது என்பதை விமான டிக்கெட் எடுக்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவராக இருந்தால் இது சிறிய காரியமில்லை. வீட்டில் குந்தும் கழிப்பறைதான் இருக்கிறது என்றால் அதை மாற்றுங்கள், அல்லது மேலே வைக்கும் கமோடு நாற்காலி ஒன்றை வாங்குங்கள். குளியலறைச் சுவரில் கைப்பிடி வேண்டும். அம்மா படுப்பது தரையில் பாய் விரித்தா, கட்டிலிலா?

அம்மாவிடம் இன்னொன்றையும் மனம் திறந்து பேசுங்கள். மாற்று மூட்டு பொதுவாக 110, 120 பாகைவரை மடங்கும். நடப்பதற்கும், படி ஏறுவதற்கும், நாற்காலியிலிருந்து எழுவதற்கும் அது தாராளம். கோயிலில் சம்மணமிட்டு உட்காரவும், குந்தி அமர்ந்து காய்கறி நறுக்கவும் அது போதாது. மூட்டு மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி அடைவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வலி போன பிறகும் ‘தரையில் உட்கார முடியவில்லையே’ என்று வருந்தும் நம் தாய்மார்களை நான் நிறையப் பார்க்கிறேன். சரியாகப் பொருத்திய மூட்டு நெடுங்காலம் உழைக்கும். 25 ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்கு 82 மூட்டுகள் நிலைத்திருப்பதாக 2019இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அம்மாவின் வயதுக்கு, ஒழுங்காகச் செய்தால் ஒரு தடவை போதும். அதனால்தான் இந்த இரண்டு மாதத் தாமதத்தைப் பெரிதாக எண்ண வேண்டாம் என்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, நீங்கள் ஒப்பிடும் இரண்டு தொகைகளோடு மூன்றாவது ஒன்றையும் வைத்துப் பாருங்கள். அரசாங்க மருத்துவமனையில் மலேசியக் குடிமகளுக்கு மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் நாளுக்கு 3 ரிங்கிட். செயற்கை மூட்டின் விலையைத்தான் பெரும்பாலும் நோயாளி ஏற்க வேண்டியிருக்கும். அதற்கும் வழி உண்டு. மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவு மூலமாகச் சுகாதார அமைச்சின் ‘தாபோங் பந்துவான் பெருபாத்தான்’ என்ற மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம். அம்மா அரசாங்கத்தின் எஸ்டிஆர் ரொக்க உதவி பெறுபவராக இருந்தால், குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் மருத்துவ உபகரணங்களுக்கு 20,000 ரிங்கிட் வரை உதவி உண்டு. எந்த உபகரணங்களுக்கு என்பதை அதே பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எப்படியும் நீங்கள் இரண்டு மாதம் காத்திருக்கத்தான் போகிறீர்கள். இன்றே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில்) கடிதம் வாங்கி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் பதிந்துவிட்டால் அந்தக் காலமும் வீணாகாது. எவ்வளவு காலம் ஆகும் என்பதை அங்கேயே நேரில் கேளுங்கள். அக்கம்பக்கத்தார் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சென்னைத் தொகையில் என்னென்ன அடங்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் 2017 ஆகஸ்டில் அரசு முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை நிர்ணயித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய்க்கு இறங்கியது. அதற்குப் பின்னும் விலை திருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே ‘உயர்ந்த ரக மூட்டு’ என்று சொல்லி யாராவது பெருந்தொகை கேட்டால், பெட்டியில் அச்சிட்ட விலையைக் காட்டச் சொல்லுங்கள். ஐசியூ தேவைப்பட்டால் யார் கட்டுவது, கூடுதல் நாட்களுக்கு என்ன கட்டணம், தொற்று வந்து திரும்பப் போக நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தராத ஏற்பாட்டாளரை விட்டுவிட்டு, மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவோடு நீங்களே நேரடியாகப் பேசுங்கள். பயணக் காப்புறுதி பெரும்பாலும் திட்டமிட்ட அறுவையையும் அதன் சிக்கல்களையும் ஏற்காது. விசா விஷயத்திலும் குறுக்குவழி வேண்டாம். சுற்றுலா விசாவில் போய் அறுவை செய்துகொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இந்தியா இ-மெடிக்கல் விசா தருகிறது, அது 60 நாள் செல்லும், உடன் செல்லும் இருவருக்கும் தனி விசா உண்டு. ஆறு வாரத் தங்கல் அதற்குள் அடங்கிவிடும்.

இத்தனைக்கும் பிறகு, ஒரு காலை மட்டும், ஆறு வாரத் தங்கலோடு, அம்மாவுக்குத் துணையாக ஒருவர் முழுநேரமும் இருந்து, இங்கே தொடர்ந்து பார்க்க ஒரு நிபுணரும் ஒப்புக்கொண்டு, எல்லாச் செலவையும் கூட்டிய பிறகும் சென்னைதான் கட்டுப்படியாகிறது என்றால் தயங்காமல் போய்வாருங்கள்.

இப்போதைக்கு இரண்டு பரிசோதனைகளை முடித்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். ஒன்று எச்பிஏ1சி. மற்றது இரண்டு முழங்கால்களின் எக்ஸ்ரே. படுக்கவைத்து எடுத்த படத்தில் தேய்மானம் குறைத்துத் தெரியும் என்பதால், அம்மா நின்றபடி, உடலின் எடை கால்மேல் விழும் நிலையில் எடுக்கும்படி கேளுங்கள். இதற்கிடையில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை வலுவாக இருந்தால் அறுவைக்குப் பின் எழுந்து நடப்பது எளிதாகும். நடக்கும்போது கைத்தடியை அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள்.